லெந்து (தவக்கால) நாட்குறிப்பு

மார்ச் 6, வியாழன்
சின்ன மகள் பேரில் இருக்கும் மனையின் பத்திரம் பீரோவில்தான் இருக்கிறது. பத்திரத்தில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை என்று விற்க மாப்பிள்ளை அவளிடம் கையெழுத்துக் கேட்கிறார். மறுபடியும் திறந்து பார்த்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி
மாப்பிள்ளை போகிற சபையின் பாஸ்டரம்மா போன் செய்தார்கள். குரலில் அத்தனை கனிவு. “எபேசியர் ஐந்து இருபத்திரண்டை, மனைவிகள் புருஷருக்குக் கீழ்ப்படியச் சொல்லும் வசனத்தை, வைத்து ஜெபியுங்கள் அம்மா. தலையான புருஷனுக்குக் கீழ்ப்படிந்து அவள் கையெழுத்துப் போட்டால் அவள்மேல் குற்றமில்லை. தவறு இருந்தால் கர்த்தர் தலையிடம் கேட்டுக்கொள்வார்.”

இருபத்தொன்றிலிருந்து வாசிக்கலாமே என்றேன். ‘தெய்வ பயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்.’ அது சபைக்குச் சொன்னது, இதுதான் குடும்பத்துக்கு என்றார்கள். சபையில் இருப்பது குடும்பங்கள் இல்லாமல் வேறு யாராம்? கேட்கவில்லை. சின்னவள் அடுத்த அறையில் இருந்தாள்.

மார்ச் 8, சனி
சப்பீராள். ராத்திரி முழுவதும் அந்த அனனியாவின் மனைவி சப்பீராள்தான், அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிறவள்.

மார்ச் 9, ஞாயிறு
இரண்டாம் ஆராதனைக்குப் போனோம். சின்னவள் வரவில்லை. முடிந்து வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் விசாரணை. “மாப்பிள்ளை வரவில்லையா? பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?” பெண்கள் ஐக்கிய சங்கத்துக் காரியதரிசி மட்டும் என் கையைப் பிடித்துத் தனியே கூட்டிப்போய், விட்டுக்கொடுத்துப் போகச் சொல்லுங்கள் என்றார். எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது.

நம்முடைய தென்னிந்தியத் திருச்சபையில் 2013இலேயே ஒரு பெண் பேராயர் வந்தாயிற்று. ஆந்திராவின் நந்தியாலில் புஷ்ப லலிதா அம்மா. அத்தனை ஆண் குருமாரும் அவர் பொறுப்பின்கீழ் வந்தார்கள். அன்று இதே மரத்தடியில் நாங்கள் எல்லாரும் பெருமையாகப் பேசினோம். ஒரு திருமண்டலத்தைப் பெண்ணிடம் கொடுக்கலாம். ஐந்து சென்ட் மனையின் பத்திரம் பெண்ணின் பீரோவில் இருந்தால் மட்டும் கலகமா?

மார்ச் 11, செவ்வாய்
பெரியவன் டாலஸிலிருந்து பேசினான். புருஷன்தான் தலையா என்பது அங்கே பெரிய சண்டையாம். 1998இல் தென் பாப்திஸ்துகள் என்ற அமெரிக்கச் சபைப் பிரிவினர் தங்கள் விசுவாச அறிக்கையிலேயே, மனைவி புருஷனுடைய தலைமைக்கு மனமுவந்து கீழ்ப்படிய வேண்டும் என்று சேர்த்துவிட்டார்கள். 2000இல் ஜிம்மி கார்ட்டர் அவர்களை விட்டு விலகினார். ஜனாதிபதியாக இருந்தவர், தொண்ணூறு வயது தாண்டியும் ஞாயிறு பள்ளி நடத்தியவர். 2023இல் கலிபோர்னியாவின் ஒரு பெரிய சபையைப் பெண் போதகர்களை வைத்ததற்காக வெளியேற்றினார்கள். அவன் அடுக்கிக்கொண்டே போனான். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது. இரண்டு கட்சியும் மேடை போட்டுப் பேசுகிறார்கள். இங்கே ஒருத்தி நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆனால் ஒன்றைக் குறித்துவைத்துக்கொண்டேன். ஆண்தான் தலை என்று அடித்துச் சொல்கிறவர்கள் 1987இல் டான்வர்ஸ் என்ற ஊரில் கூடி ஓர் அறிக்கை எழுதினார்கள். எந்த மனித அதிகாரத்துக்கும் கீழ்ப்படிவது, அதன் பின்னால் பாவத்துக்குள் போவதாகாது என்று அதிலேயே இருக்கிறதாம். வீட்டு அதிகாரமும் அதில் சேர்த்தி. அவர்களே அப்படி எழுதியிருக்க, நம் பாஸ்டரம்மா அவர்களையும் தாண்டிப் போய்விட்டார்கள்.

மார்ச் 12, புதன்
கரண்டு பில் கட்டியாயிற்று. அவள் இரண்டு தோசை சாப்பிட்டாள்.

மார்ச் 14, வெள்ளி
வக்கீல் நல்ல மனிதர், அவசரப்படுத்தவில்லை. 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம், 20ஆவது பிரிவு: கல்யாணம் செய்துகொண்டதாலேயே ஒருவருடைய சொத்தில் மற்றவருக்கு எந்தப் பாத்தியதையும் வந்துவிடாது. இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். வெள்ளைக்காரன் காலத்திலேயே இருக்கிறது. எந்தத் திருமண ஆயத்த வகுப்பிலும் யாரும் சொன்னதில்லை.

பிறகு சின்னவள், அதுவரை வாயே திறக்காதவள், “டைவர்ஸ் பற்றி” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். அவர் அவளைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டே, 2001வரை சட்டம் எப்படி இருந்தது என்று சொன்னார். மனைவி விபசாரம் செய்தாள் என்றால் கிறிஸ்தவப் புருஷனுக்கு அதுவே போதும். அவன் செய்தால் அவளுக்கு அது போதாது. கூடவே கொடுமையோ கைவிட்டதோ வேறேதோ நிரூபிக்க வேண்டும். 1869இல் எழுதிய சட்டம். அந்தச் சட்டம் அப்படி இருந்தபோதுதான் என் கல்யாணம் நடந்தது. ஆட்டோவில் திரும்பும்போது யாரும் பேசவில்லை.

மார்ச் 16, ஞாயிறு
கோயிலுக்குப் போகவில்லை. உட்கார்ந்து அப்போஸ்தலர் ஐந்தாம் அதிகாரத்தை வாசித்தேன்.

காணியாட்சியை விற்றார்கள். ‘தன் மனைவி அறிய’ அனனியா கிரயத்தில் ஒரு பங்கை வஞ்சித்து வைத்தான். பேதுரு கேட்டார், விழுந்து செத்தான். மூன்று மணி நேரம் கழித்து அவள் வருகிறாள், நடந்தது ஒன்றும் தெரியாமல். “நிலத்தை இவ்வளவுக்குத்தானா விற்றீர்கள்?” “ஆம், இவ்வளவுக்குத்தான்.” புருஷன் சொன்ன தொகையையே சொன்னாள். அவனை அடக்கம்பண்ணிய அதே வாலிபர்கள் அவளையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

தவறு தலையின் கணக்கில் என்றால் பேதுரு அவளைக் கேட்டிருக்கவே வேண்டாம். தலைதான் ஏற்கெனவே மண்ணுக்குள் போய்விட்டதே. அவளைத் தனியாக நிறுத்தி, அவளுடைய பதிலை அவளிடமே வாங்கினார்.

இவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு யோசித்தார். “அவள் மனதார ஒருமனப்பட்டாள். நிர்ப்பந்தத்தில் இல்லையே” என்றார். நிர்ப்பந்தமா என்று பேதுரு கேட்கவில்லை, தொகையைத்தான் கேட்டார் என்றேன். சிரித்துவிட்டார்.

நான் கீழ்ப்படிதலுக்கு விரோதி இல்லை. இத்தனை வருஷம் இவர் சொன்ன ஊருக்கெல்லாம் மாற்றலாகிப் போனேன், அதில் எனக்குக் குறையும் இல்லை. பத்திரத்தில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை என்று இவர் ஒருநாளும் என்னிடம் நீட்டியதில்லை. அதுதான் வித்தியாசமோ என்னவோ.

மார்ச் 17, திங்கள்
“அவர் கெட்டவர் இல்லை அம்மா” என்கிறாள். இல்லைதான். நானும் அப்படித்தான் சொல்லிப் பெண் கொடுத்தேன்.

மார்ச் 19, புதன்
மாப்பிள்ளை அவளிடம் பேசினார். என்ன பேசினார் என்று கேட்கக் கூடாது என்று இவர் உத்தரவு. கேட்கவில்லை. கதவுக்கு வெளியே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 20, வியாழன்
சனிக்கிழமை மாப்பிள்ளையும் பாஸ்டரும் இரண்டு மூப்பர்களும் வருகிறார்கள். காபி, முறுக்கு, ஆரம்ப ஜெபம், வேத வாசிப்பு, பிறகு பேச்சு. வாசிப்பு நம் வீட்டாருடையது என்று பாஸ்டரே சொல்லிவிட்டார். அப்போஸ்தலர் ஐந்து, ஒன்றிலிருந்து பத்து வரை. பைபிளை மாப்பிள்ளை கையிலேயே கொடுத்து வாசிக்கச் சொல்லலாம் என்று இருக்கிறேன். இவர் வேண்டாம் என்கிறார்.