மிஸ்ஸுக்குச் சொல்லாத காரணம்

“சேர், உங்கட பச்சை லைற்றை அந்த ஐயாவின்ர காலுக்குப் பிடிச்சுப் பாக்கேலாதோ?”

கேட்டவர் நேர்ஸ் மிஸ். ஐயாவுக்குச் சீனி வருத்தப் புண். அதில் வளர்ந்தது எம்.ஆர்.எஸ்.ஏ., வழமையான அன்ரிபயோற்றிக் பலவற்றுக்கு மசியாத கிருமி. “அனுமதி இல்லை, மிஸ்” என்றேன். பொய்யில்லை. ஆனால் முழுக்காரணமும் அதுவல்ல.

நாங்கள் செய்வது, பச்சை வெளிச்சம் பட்டால் கிருமியைக் கொல்லும் சாயத்தைச் சுமக்கும் நுண்துகள். துகள் நந்திக்கடல் இறால் கோதிலிருந்து எடுக்கும் கைற்றோசான் என்ற பொருள். 1 வீத அசற்றிக் அமிலத்தில் கரைத்து, கலக்கியபடியே அதைத் துகளாக்கும் திரிபொலிபொஸ்பேற்று உப்பைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அரிசி கழுவின தண்ணீர்போல மங்கியதும் நிறுத்த வேண்டும். அவசரப்பட்டால் திரண்டு அடியில் படியும். பிறகு றோஸ் பெங்கால் சாயம். சாயம் எதிர்மின், கைற்றோசான் நேர்மின், ஒட்டிக்கொள்ளும். ஒட்டாத சாயத்தைக் கழுவி எடுக்காவிட்டால் கிருமியைக் கொன்றது எதுவென்றே தெரியாது. கிருமியைக் கொல்வது, வெளிச்சத்தில் சாயத்தால் பிறக்கும் ஒற்றைநிலை ஒட்சிசன், ஒட்சிசனின் வீரியமான வடிவம். அது நீரில் சில மைக்ரோசெக்கனில் அழியும். ஒரு பற்றீரியாவின் அகலத்தைக்கூடக் கடக்காது. துகள் கிருமியில் ஒட்டியிருந்தேயாக வேண்டும்.

கிருமி வளர்க்கும் தட்டில் எல்லாம் சரி. புண்ணில்? சாயம் உறிஞ்சுவது 550 நானோமீற்றர் அளவு அலைநீளமுள்ள வெளிச்சத்தை. ஒட்சிசன் ஏறிய ஹீமோகுளோபினும் 542, 577 இல் உறிஞ்சும். வெளிச்சத்தை இரத்தமே குடித்துவிடும். கசியும் நீரிலுள்ள அல்புமின் என்ற புரதம் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். சதுர சென்ரிமீற்றருக்கு 50 மில்லிவாற்றில் 100 யூல் வெளிச்சச் சக்தி கொடுக்க 2000 செக்கன் வேண்டும், அதற்குள் எல்.ஈ.டி. சூடேறி வெளிச்சம் குறையும். 99.9 வீதம் செத்தாலும் 10 லட்சத்தில் 1000 மிஞ்சும்.

இதைச் சொல்லியிருந்தால், “சேலைன் விட்டுக் கழுவிப்போட்டுப் பிடிச்சா?” என்று மிஸ் கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அனுமதியைச் சொன்னேனோ? ஆனாலும் அனுமதி வெறும் கடதாசியில்லை. இருட்டில் துகள் தோற்கலங்களை என்ன செய்யும் என்று நாங்கள் அப்போது பார்த்திருக்கவில்லை. அதை வன்னிச் சனத்தின் காலில் முதன்முதல் பார்ப்பதா?

ஐயாவுக்கு மூன்று விரல் எடுத்தார்கள். தொற்று எலும்புவரை போயிருந்தது. பச்சை வெளிச்சம் அவ்வளவு ஆழம் இறங்காது. அந்தக் கணக்கை இன்றும் நம்புகிறேன். பிறகும் திரும்பத் திரும்பப் போடுகிறேன்.

பின்னர் கிளிநொச்சி இறைச்சிக்கடை ஆட்டுத்தோலில் செய்து பார்த்தோம். இரத்தம் பூசிய துண்டில் கிருமி எண்ணிக்கை இறங்கவேயில்லை. சேலைனால் இரண்டுதரம் கழுவிய துண்டில் இறங்கியது. கழுவலே கிருமியைக் கொண்டுபோயிருக்கலாம் என்று வெளிச்சம் காட்டாத துண்டையும் அதேபோலக் கழுவினோம்; அதில் அவ்வளவு இறங்கவில்லை.

மிஸ்ஸிடம் இன்னும் சொல்லவில்லை.