“லிங்கர் ஸ்கிரிப்டைப் பாரு, தம்பி”

டீமில் இருந்த பையன் அன்று என்ன சொன்னான் என்பதில்தான் எனக்கு இன்னும் சந்தேகம். மெம்செட் என்பது நினைவகத்தின் ஒரு பகுதியை ஒரே மதிப்பால் நிரப்பும் சின்ன ஃபங்ஷன். “மெம்செட் தன்னையே கூப்பிடுதுண்ணே” என்றானா, “கூப்பிடற மாதிரி இருக்குண்ணே” என்றானா? முதலாவது என்றால் தப்பு முழுக்க என்னுடையது. இரண்டாவது என்றால், அவனுக்கே உறுதியில்லாத ஒன்றை நான் ஒதுக்கியதில் பாதி நியாயமாவது இருக்கிறது. நான் சொன்னது மட்டும் அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது: “கம்பைலரைக் குறை சொல்லாத. லிங்கர் ஸ்கிரிப்டைப் பாரு, தம்பி.” கம்பைலர் நாங்கள் எழுதும் சி நிரலை இயந்திர மொழியாக்குவது; லிங்கர் ஸ்கிரிப்ட், அதன் துண்டுகள் நினைவகத்தில் எங்கெங்கே உட்கார வேண்டும் என்று சொல்லும் கோப்பு.

வெள்ளிக்கிழமை, மணி ஐந்தரை. பாலம் அடைத்துக்கொள்வதற்குள் பினாங்கின் பயான் லெப்பாஸிலிருந்து கிளம்பிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. எங்கள் கம்பைலரான ஜிசிசி 9இலிருந்து 10க்கு மாறிய வாரம் அது. புது பைனரி (கம்பைலர் வழியே வந்த இயந்திர நிரல்) ஏற்றிய சர்க்யூட் போர்டு ஒன்றுகூட எழவில்லை. முந்தின வாரம் லிங்கர் ஸ்கிரிப்டில் கைவைத்தவன் அவன்தான். யாராக இருந்தாலும் முதலில் அங்கேதானே பார்ப்பார்கள்? இதை எனக்கே எத்தனை முறை சொல்லிக்கொண்டேனோ.

அந்த மெம்செட்டை எழுதியவன் நான். போர்டு எழும்போது ஓடும் பூட்லோடருக்காக எழுதியது; சி நூலகமே, அதாவது ஆயத்த ஃபங்ஷன்களின் தொகுப்பே, இல்லாத பூட்லோடர் அது. நூலகம் இல்லாவிட்டாலும் மெம்காப்பி, மெம்மூவ், மெம்செட், மெம்கம்ப் நான்கையும் நாம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். ஜிசிசி தனக்குத் தோன்றும் இடத்தில் அவற்றைக் கூப்பிடும். அதனால் நாலே வரி: ஒரு லூப், பைட் பைட்டாக மதிப்பை நிரப்பிக்கொண்டே போகும். வருடக்கணக்கில் ஓடியது, யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

இப்படிப்பட்ட லூப்பைக் கண்டால் அதை மெம்செட் அழைப்பாக மாற்றும் வேலை, 9 வரைக்கும் நிரலை வேகமாக்கும் ஓ3 என்ற மட்டத்தைக் கொடுத்தால்தான் நடக்கும். 10இல் அது ஒரு படி கீழான ஓ2வுக்கே வந்துவிட்டது. நாங்கள் ஓ2. கம்பைலர் என் லூப்பைப் பார்த்து, ‘அட, இது மெம்செட் அல்லவா’ என்று லூப்பைத் தூக்கிவிட்டு மெம்செட்டைக் கூப்பிடும் வரி ஒன்றை வைத்துவிட்டது. எதற்குள்? மெம்செட்டுக்குள். நூலகம் இல்லாத சூழல் என்று கம்பைலரிடம் சொல்லும் ஃப்ரீஸ்டாண்டிங் ஃப்ளாக் இருந்தது. அது இதைத் தடுக்காது.

திங்கள் காலை நானே டிஸ்அசெம்பிளியை, அதாவது பைனரியைப் படிக்கும்படி மாற்றிய வரிகளை, திறந்தேன். ஏழெட்டு வரிதான். ஆர்4, எல்ஆர் என்ற இரண்டு ரெஜிஸ்டர்களையும் ஸ்டாக்கில் (அழைப்புகளுக்கான தற்காலிக நினைவகம்) தள்ளு, கொஞ்சம் தள்ளி ‘பிஎல் மெம்செட்’, அதாவது மெம்செட்டைக் கூப்பிடு. ஒரு சுற்றுக்கு 8 பைட். எங்கள் 4 கேபி ஸ்டாக் 512 சுற்றில் காலி. அதைப் பார்த்துப் புரிந்துகொள்ள எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவனோ சனி, ஞாயிறு இரண்டு நாளும் பாலத்துக்கு அந்தப்புறம் உள்ள பிறையிலிருந்து மோட்டாரில் வந்து, லிங்கர் ஸ்கிரிப்டை வரிவரியாகப் படித்திருந்தான்.

இதில் கூத்து என்னவென்றால், அவன் சேர்ந்த முதல் வாரம் பாடம் எடுத்ததும் நான்தான். திரையில் எழுதும் பிரிண்ட்எஃப்பில் வெறும் வாக்கியமும் கடைசியில் ஒரு நியூலைனும் மட்டும் இருந்தால், பைனரியில் பிரிண்ட்எஃப் இருக்காது, அதைவிட எளிய புட்ஸ்தான் இருக்கும் என்று காட்டினேன். மாறாத ஸ்டிரிங் (எழுத்துத் தொடர்) என்றால் அதன் நீளத்தை அளக்கும் ஸ்டிரிலென் அழைப்பே காணாமல் போய் ஒரு எண் மட்டும் நிற்கும். நினைவகத்தை ஃப்ரீ செய்வதற்கு முன்னால் பாஸ்வேர்டை அழிக்கப் போட்ட மெம்செட்டை, இதை இனி யாரும் படிக்கப்போவதில்லை என்று கம்பைலர் தூக்கிவிடலாம். இந்த ஃபங்ஷன்களின் பெயர்களை சி மொழியின் தரநிலை ஒதுக்கி வைத்திருக்கிறது, பெயரைத் தொட்டால் அர்த்தத்தையும் ஒப்புக்கொண்ட மாதிரி என்றெல்லாம் வாய் கிழியப் பேசினேன். அதே பையன் அதே விஷயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றபோது, கம்பைலரைக் குறை சொல்லாதே என்கிறேன்.

ஆனால் யோசித்தால், அந்த வார்த்தை தப்பே இல்லை. கம்பைலர் விதிப்படிதான் நடந்தது. கோளாறு என் நாலு வரியில். அப்படியானால் என் அறிவுரை சரிதான், ஆளைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டேன். இந்த சமாதானம் ஒரு வாரம் தாங்கியது. அப்புறம்தான் உறைத்தது: அவன் யாரையும் குறை சொல்லவே இல்லை. நடப்பதைச் சொன்னான். குறை என்ற சொல்லைக் கொண்டுவந்தது நான்.

லூப்பை இப்படி மாற்றாதே என்று சொல்லும் ஃப்ளாக்கை அந்த ஒரு கோப்புக்கு மட்டும் போட்டேன். போர்டு எழுந்தது. காரணம் கண்டுபிடிக்கப்பட்டது, சரிசெய்யப்பட்டது என்று எல்லோருக்கும் மெயில் போட்டேன். யாரால் என்று எழுதவில்லை. என் பெயரையும் போட்டுக்கொள்ளவில்லையே என்று அப்போது பெருமையாகக்கூட இருந்தது. அவன் “சரிண்ணே” என்றான். நாலு மாதத்தில் சிங்கப்பூர் போய்விட்டான். சம்பளத்துக்காகத்தான் போனான், இங்கிருந்து எல்லோரும் அதற்குத்தான் போகிறார்கள்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் கம்பைல் செய்யும் கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலைக் காட்டி, இந்த ஃப்ளாக் எதற்கு என்று கேட்டாள். மாமாக் கடையில் தே தாரிக் ஆறிப்போகிற வரைக்கும், டிஷ்யூ பேப்பரில் ‘பிஎல் மெம்செட்’ எழுதி, அம்புக்குறியை வளைத்து அதன் தலைக்கே கொண்டுபோய் விளக்கினேன்.

“பயங்கரமா இருக்கேண்ணே. யார் கண்டுபிடிச்சது?”

“டீம்ல ஒரு பையன்” என்றேன்.

பெயர் கேட்டாள். அதற்குள் ரொட்டி சானாய் வந்துவிட்டது.