கொங்கு நாட்டில் படகு இறக்க எந்தத் துறை?

காற்றடிக்கும் கயாக்கோ (துடுப்புப் போடும் ஒடுங்கிய படகு) சின்ன ஃபைபர் படகோ வாங்கியவர்கள் முதலில் கேட்பது, "இதை எங்கே இறக்குவது?" என்றுதான். டிரெய்லரைப் பின்னால் ஓட்டிப் படகை நேரே தண்ணீரில் விடுகிற கான்கிரீட் சாய்தளத்தைத் தேடி அலைய வேண்டாம். நமக்கு வாய்த்திருப்பவை பரிசல் துறைகள். ஒரு துறை உங்களுக்கு ஆகுமா ஆகாதா என்பது, அங்கே தண்ணீர் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. வண்டி நிறுத்த இடம், நிழல், டீக்கடை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

புதியவர்களுக்கு என் சிபாரிசு பூலாம்பட்டி. எடப்பாடிப் பக்கமிருந்து வந்தால் பூலாம்பட்டிக் கரை. பவானி–மேட்டூர் சாலையில் அம்மாபேட்டை தாண்டி வந்தால் எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டை. இரண்டுக்கும் நடுவே விசைப்படகு ஓடுகிறது. மேட்டூருக்குக் கீழே காவிரியில் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் நிலையம் உண்டு. மின்சாரத்துக்காகத் தண்ணீரைத் தேக்கி வைப்பதால் பூலாம்பட்டியில் ஆறு ஏரி மாதிரி அகன்று நிற்கிறது. மட்டம் பெரிதாக மாறாது, இழுப்பும் குறைவு. துடுப்புப் பிடித்துப் பழக இதைவிடத் தோதான தண்ணீர் இந்தப் பக்கம் இல்லை.

ஆனால் வருஷம் முழுக்க அப்படி இருக்காது. கோடையில் கதவணைப் பராமரிப்புக்காகத் தேக்கிய தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். அப்போது துறைக்கு முன்னால் பாறையும் சேறும்தான் இருக்கும். மேட்டூர் நிரம்பி 16 கண் மதகில் உபரிநீர் போகும்போது விசைப்படகையே நிறுத்திவிடுவார்கள். அதையே விதியாக வைத்துக்கொள்ளுங்கள்: விசைப்படகு ஓடாத நாளில் உங்கள் படகும் இறங்கக்கூடாது. மேட்டூரிலிருந்து எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்பது தினமும் செய்தித்தாளில் வருகிறது. கிளம்பும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

கதவணைக்குக் கீழ்ப்புறம் சங்கதியே வேறு. மேலே டர்பைன் ஓடினால் தண்ணீர் ஏறும், நின்றால் வடியும். ஒரே காலையில் இரண்டும் நடக்கலாம். கரையில் விட்டுப்போன செருப்பு மிதந்து போவதும், கட்டிவைத்த படகு பாறைமேல் தொங்குவதும் இதனால்தான். புதுத் துறைக்குப் போனால் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டு அரைமணி நேரம் பொறுங்கள். குச்சி தண்ணீருக்குள் போய்விட்டால் மட்டம் ஏறுகிறது, படகை இறக்காதீர்கள். குச்சி வெளியே நின்று, அதற்கு முன்னால் ஈரமண் தெரிந்தால் வடிகிறது. திரும்பி வரும்போது கரை தள்ளிப் போயிருக்கும். பாறையில் பச்சைப்பாசி எந்த உயரம் வரை படர்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். தண்ணீர் வழக்கமாக எட்டும் மட்டம் அதுதான். வழுக்கி விழுகிற இடமும் அதுதான்.

துறையில் பரிசல்காரர் யாராவது இருப்பார். அவரைக் கேட்காமல் இறங்கவே கூடாது. "ஏனுங்கண்ணா, இங்க படகு எறக்கலாமுங்களா?" என்று கேட்டால் போதும். "இன்னைக்குத் தண்ணி ஏறுதுங் கண்ணு, செத்த பொறுங்க" என்று அவர் சொன்னால் அதற்கு மேல் எந்த மொபைல் ஆப்பும் தேவையில்லை. இன்னொரு காரணமும் உண்டு. பரிசல் துறைகளை ஏலம் விட்டுக் குத்தகைக்குக் கொடுப்பது இங்கே வழக்கம். உங்கள் படகில் காசு வாங்கி ஆள் ஏற்றினால் அது அவருடைய பிழைப்பில் கைவைப்பது.

மேட்டூர் அணையின் நீர்பரப்பில், கொளத்தூர்ப் பக்கம் இருக்கிறது பண்ணவாடித் துறை. எதிர்க்கரையில் தர்மபுரி மாவட்டத்து நாகமரை. இங்கே மட்டம் மணிக்கணக்கில் மாறாது, மாசக்கணக்கில் மாறும். அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. டெல்டாவுக்குத் திறக்கத் திறக்கத் தண்ணீர் பின்வாங்கும். துறையும் அதைத் துரத்திக்கொண்டே போகும். மட்டம் நன்றாக இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். பார்க்க அழகுதான். ஆனால் படகுக்காரர் கவனிக்க வேண்டியது அவை தலைகாட்டுவதற்குச் சற்று முந்திய நாட்களை. 1934இல் அணை கட்டி முடித்தபின் மூழ்கிய ஊர்களின் கட்டுமானங்கள் அப்போது தண்ணீருக்கு ஓரடி, இரண்டடி கீழே மறைந்திருக்கும். ரப்பர் படகு அதில் உரசினால் கிழியும், மோட்டார் இருந்தால் விசிறி உடையும். பரிசல்கள் போகிற தடத்திலேயே போங்கள்.

தண்ணீர் பின்வாங்கிய வண்டல் தரை மேலே வெடித்துக் காய்ந்து கெட்டியாகத் தெரியும். உள்ளே முழங்கால் வரை புதையும். காரைக் கெட்டித் தரையிலேயே நிறுத்திவிட்டு, மூங்கில் கழியால் குத்திக் குத்திப் பார்த்து நடங்கள். அந்த வண்டலில் விவசாயிகள் வெள்ளாமை வைத்திருப்பார்கள். பயிர்மேல் படகை இழுக்காதீர்கள், சுற்றிப் போங்கள். ஆனி, ஆடிக் காற்றில் அகன்ற நீர்பரப்பில் நல்ல அலை எழும். விடியலில் இறங்கி, வெயில் ஏறுமுன் கரை சேர்ந்துவிடுவது நல்லது. தை, மாசியில் அவ்வளவு காற்றுத் தொந்தரவு இல்லை.

இனி இறக்குகிற முறை. காற்றடிக்கும் படகைக் கரையிலேயே முழு அழுத்தத்துக்கு அடித்து வெயிலில் போட்டால் உள்ளே காற்று விரிந்து ஒட்டு விட்டுவிடும். முக்கால் பங்கு அடித்துத் தண்ணீரில் வையுங்கள். பத்து நிமிஷத்தில் குளிர்ந்து தளரும், அப்புறம் மீதியை அடியுங்கள். படகு நேரே போக அடியில் மாட்டும் ஃபின் (தகடு) இடிக்காமல் இருக்க ஓரடித் தண்ணீராவது வேண்டும். ஃபின்னோடு கரையில் இழுத்தால் அது மாட்டியிருக்கும் இடம் பிய்ந்துவிடும். படகைக் கரைக்கு இணையாக நிறுத்தி, முதலில் நடுவில் உட்கார்ந்துவிட்டு அப்புறம் காலை உள்ளே எடுங்கள். நின்றபடி ஏறினால்தான் கவிழும். லைஃப் ஜாக்கெட்டின் பட்டையை இறுக்கியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள்; காதுவரை வந்தால் அது தண்ணீரில் கழன்றுவிடும். விட்டெறிந்த நைலான் வலைகள் பாறையில் சிக்கிக் கிடக்கும், அதனால் கைக்கெட்டுகிற இடத்தில் ஒரு கத்தி வேண்டும். முதலில் நீரோட்டத்துக்கு எதிராகப் போங்கள், களைத்தபின் ஆறே கொண்டுவந்து விடும். கதவணை மதகுப் பக்கம் மட்டும் போகவே கூடாது.

மோட்டார் பொருத்துவதாக இருந்தால் 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கப்பல்கள் சட்டத்தின்படி பதிவு தேவைப்படும். மிதித்தோ துடுப்புப் போட்டோ போகிறவர்களுக்கு அந்தப் பாடு இல்லை. என்றாவது ஒரு நாள் பூலாம்பட்டியிலோ நெரிஞ்சிப்பேட்டையிலோ சாய்தளம் கட்ட அரசு முன்வந்தால், ஏழெட்டு அடி நீளத்துக்கு ஓரடி இறக்கம் என்ற கணக்கில் கட்ட வேண்டும். அதைவிடச் சரிவு குறைந்தால் படகு மிதப்பதற்குள் காரின் பின்சக்கரம் மூழ்கிவிடும். கூடினால் ஈரத்தில் டயர் வழுக்கும். மட்டம் பெரிதாக மாறாத இந்த இடத்தில் சிறிய சாய்தளமே போதும். கட்டாயம் கட்ட வேண்டும் என்பது என் எண்ணம்.

தூண்டில் போடுகிறவர்களுக்கு: மேட்டூர் நீர்பரப்பில் உரிமம் பெற்ற மீனவர்கள் பிடிக்கிறார்கள். பவானிசாகர், அமராவதி, ஆழியாறு, திருமூர்த்தி அணைகள் தமிழ்நாடு மீன் வளர்ச்சிக் கழகத்தின் வசம் இருந்து வந்தவை. அங்கெல்லாம் அனுமதி இல்லாமல் தூண்டிலை எடுக்கவே கூடாது. அமராவதியில் முதலைகளும் உண்டு. குளம் குட்டை என்றால் குத்தகைதாரரைக் கேளுங்கள். அனுமதி கிடைத்த இடத்தில், கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். கடலைப் புண்ணாக்கும் தவிடும் பிசைந்த உருண்டை மூன்றுக்கும் ஆகும். ஈயக்குண்டின் எடையை மாற்றி ஆழத்தை மாற்றினால் போதும். ஜிலேபி மீனுக்குப் பாறை ஓரம், மூன்று நான்கு அடி ஆழம், மண்புழு. மீன் பிடிக்க வெடிக்கும் தோட்டாவும் தண்ணீரில் கலக்கும் விஷமும் 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்திலேயே தடை செய்யப்பட்டவை. யாராவது போடுவதைக் கண்டால் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

படகு வேண்டாம், சவாரி போதும் என்றால் பில்லூர் அணை நீர்பரப்பில் வனத்துறையின் பரளிக்காடு பரிசல் இருக்கிறது. முன்பதிவு செய்துதான் போக வேண்டும், சொந்தப் படகுக்கு அங்கே வேலையில்லை.

கரையேறியதும் அடிப்பக்கம், ஃபின், கயிறு எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். ஆகாயத்தாமரையின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு அடுத்த குளத்துக்குப் போனால் போதும், அது அங்கே பரவிவிடும். அதைப் பறித்துத் தண்ணீரில் போடாமல் வெயிலில் காயப்போடுங்கள். படகை வால்வு திறந்தபடி நிழலில் ஒரு நாள் உலர்த்திவிட்டு மடியுங்கள்; ஈரத்தோடு மடித்தால் மடிப்பில் பூஞ்சணம் பிடிக்கும்.