பட்டாணி லாரிகளும் ரோத்தாங் பனியும்

இமாச்சலப் பிரதேசத்தின் மணாலியில் தேவதாரு மரங்களும் மழை ஈரமும். ரோத்தாங் கணவாயைத் தாண்டினால் மழை எட்டாத மொட்டை மலைகள், அதுதான் லாஹௌல் பள்ளத்தாக்கு. 3,978 மீட்டர் உயரத்திலிருக்கும் அந்தக் கணவாயில் பனி வெட்டிச் சாலை திறக்கும் பிரிவில் பொறியாளராக இருந்தேன். கணவாயில் ஏறாமலே மலையைக் குடைந்து லாஹௌல் போகும் அடல் சுரங்கப்பாதை வருவதற்கு முந்தைய காலம் அது.

நவம்பரில் கணவாய் மூடினால் மே மாதம் வரை வழி கிடையாது. அவசரத்துக்கு ஹெலிகாப்டர் உண்டு, அதுவும் வானம் தெளிந்தால்தான். சாலை திறக்கும் தேதி எங்கள் அலுவலகத்தில் அறிக்கையின் ஒரு வரி. லாஹௌல் விவசாயிக்கோ அந்த ஆண்டின் வரும்படியே அதுதான். அங்கே விளைவது ஒரே போகம். குளிரில் அசுவினிப் பூச்சி குறைவு, அதனால் அது பரப்பும் வைரஸ் நோயும் குறைவு. லாஹௌல் விதை உருளைக்கிழங்குக்குச் சமவெளியில் நல்ல பெயர் கிடைத்தது அப்படித்தான். அறுவடையான கிழங்கு அடுத்த பனிக்கு முன் மலையைத் தாண்டியாக வேண்டும். பச்சைப் பட்டாணி இன்னும் மோசம். சமவெளியில் பட்டாணி இல்லாத கோடையில் விளைவதால் நல்ல விலை. ஆனால் இரண்டு நாள் மண்சரிவில் லாரி நின்றால் மூட்டையிலேயே மஞ்சளித்துவிடும். வெயில் ஏறப் பனி உருகி, பிற்பகலில் ஓடைகள் சாலையை அறுக்கும். அதனால் ஓட்டுநர்கள் விடியுமுன்பே கிளம்புவார்கள்.

வசந்தத்தில் பெண்கள் வெள்ளை வயலில் கூடை கூடையாக மண் தூவுவார்கள். கறுத்த மண் வெயிலை இழுத்துப் பனியைச் சில நாள் முன்னதாகவே கரைக்கும். குறுகிய பருவத்தில் அந்தச் சில நாள் பெரிய லாபம். என்னைக் கண்டதும் கேட்பது ஒன்றுதான்: "சாப், ரஸ்தா கப் குலேகா?" (ஐயா, சாலை எப்போது திறக்கும்?) அந்தக் கேள்விக்குப் பிறகு வேலையை வேறு கண்ணோடு பார்த்தேன், எந்த வளைவை முதலில் வெட்டுவது என்பதைக்கூட. ஜார்கண்டின் தும்காவிலிருந்து வந்து கல்லுடைத்த தொழிலாளர்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்தச் சாலை அவர்கள் கைகளால் ஆனது.

2020 அக்டோபரில் 9.02 கிலோமீட்டர் சுரங்கப்பாதை திறந்தது. நோயாளி மணாலி போக இனிக் கணவாய்க்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எனக்கு அதில் மனம் நிறைந்த மகிழ்ச்சி. பிறகு போனபோது லாஹௌலின் சிஸ்ஸு கிராமத்துப் பக்கம் சில வயல்களில் விடுதிகள் எழுந்திருந்தன. வாடகை வருமானத்தைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. கவலையெல்லாம் 'குல்' வாய்க்கால்களைப் பற்றித்தான். பனியாற்று நீரை வயலுக்குக் கொண்டுவரும் அவற்றை ஊர் கூடி, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து, தூர்வாரிச் செப்பனிட வேண்டும். வீட்டு ஆட்களெல்லாம் விருந்தினரைக் கவனிக்கப் போய்விட்டால் மண்வெட்டி எடுக்க யார் வருவார்கள்? பனி குறைந்த குளிர்காலங்களுக்குப் பிறகு அந்த வாய்க்கால்களில் வருகிற தண்ணீரும் குறைந்துவிட்டது என்கிறார்கள் அங்கிருக்கும் நண்பர்கள்.