சாவியோடு செத்த த்ரெட்

மூன்று நாளாக ஒரே தலைவலி. லினக்ஸுக்கு எழுதிய நிரலை விண்டோஸில் சிக்வின் வழியாக ஓட்டுகிறேன்; லினக்ஸ் நிரல்களை விண்டோஸில் ஓட வைக்க உதவும் மென்பொருள் அது. நிரலுக்குள் பல த்ரெட்டுகள், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி வேலைகள். ஒரு த்ரெட்டை நிறுத்தச் சொன்னால் நிரல் அப்படியே உறைந்துவிடும். சிபியு 0%. கேரள எல்லையிலுள்ள எங்கள் புளியரையில் மழை வேறு, கரண்டு போய்ப் போய் வந்தது. முதலில் அதன் மேல்தான் பழியைப் போட்டேன்.

தப்பு என்னுடையதுதான். லினக்ஸ் பக்கத்தில் த்ரெட்டை நிறுத்தும் பிதிரெட் கேன்சல் (pthread_cancel) என்பது கொலை இல்லை, "கிளம்பப்பா" என்று சொல்லிவைப்பது. ரீட், ஸ்லீப் மாதிரி இடத்துக்கு வரும்போதுதான் த்ரெட் அதைக் கவனிக்கும். க்ளீனப், அதாவது போகும்முன் செய்யவேண்டிய வேலை, எழுதியிருந்தால் பூட்டைத் திறந்துவைத்துவிட்டுப் போகும். (பூட்டு என்றால், ஒரு பொருளை ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் தொடும்படி காப்பது.) சிக்வின் இதற்காகவே, த்ரெட் எதற்காவது காத்திருக்கும்போது கேன்சல் ஈவென்ட்டையும், அதாவது "கிளம்பு" என்ற சைகையையும், சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது. நல்ல மூளை!

விண்டோஸின் டெர்மினேட்த்ரெட் (TerminateThread) அப்படியில்லை, நின்ற இடத்திலேயே சாய்த்துவிடும். மெமரி ஒதுக்கும் பூட்டு அப்போது அதன் கையில் இருந்தால் தீர்ந்தது கதை. சாவியை மடியில் முடிந்துகொண்டே செத்துப்போன ஆள் மாதிரி. மற்ற த்ரெட்டுகள் வாசலில் நிற்க வேண்டியதுதான். அவசரத்தில் நான் நேரடியாகக் கூப்பிட்டது இதைத்தான்.

சரி, அந்த ஒரு வரியை எடுத்தேன், ஓடுகிறது. அப்புறம் செக்போஸ்ட் பக்கம் போய் ஒரு கட்டன் சாயா. கடைச் சேட்டன் கேட்டார்: "கரண்டு வந்தோ?"