சதுப்பும் கேரட்டும் ஒரே நிறத்தில்

நீலகிரியின் குந்தா ஆற்றுப் படுகையில் நிலம் எப்படி மாறியது என்று பார்க்க, பழைய ஆண்டுக்கும் புதிய ஆண்டுக்கும் செயற்கைக்கோள் படங்களிலிருந்து வரைந்த வரைபடங்களில் சதுப்பையும் காய்கறித் தோட்டத்தையும் ஒரே வகுப்பாக, அதாவது ஒரே நில வகையாகச் சேர்த்தது சரிதானா என்று இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை.

சேர்க்கக் காரணம் இருந்தது. பழைய ஆண்டுக்குக் கிடைத்த லேண்ட்சாட் 5 செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு கட்டம், 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம் கணக்கில் சுமார் 22 சென்ட். ஓடையோரச் சதுப்பு பல இடங்களில் அந்த அகலம்கூட இருக்காது. பாதி சதுப்பு, பாதி தேயிலை என்று கலந்த பிக்சல்தான் கிடைக்கும். பிப்ரவரியில் சுற்றியுள்ள புல்வெளி உறைபனியில் கருகிக் கிடக்க, சதுப்பு ஈரத்தில் பச்சையாக நிற்கும். தண்ணீர் பாய்ச்சிய கேரட்டும் அதே பச்சை. ஒரே நாள் படத்தில் என்டிவிஐ என்ற பசுமைக் குறியீடு இரண்டையும் பிரித்துக் காட்டாது. சேர்த்தோம், மொத்தத் துல்லியம் உயர்ந்தது.

களச் சரிபார்ப்புக்கு வந்த உதவியாளர் அந்த ஊர்க்காரர். அச்சிட்ட தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், இந்தப் பள்ளத்துல முன்னாடி மாடு இறங்கினா வயிறு வரைக்கும் புதையும். இப்போ கேரட் போட்டிருக்காங்க. மாற்றமே இல்லன்னு வருதே?"

"30 மீட்டர்ல அவ்வளவுதாங்க தெரியும்" என்றேன்.

பொய்யில்லை, முழுப் பதிலும் இல்லை. இரண்டும் ஒரே வகுப்பு என்றானபின், சதுப்பு கேரட்டான இடமெல்லாம், எந்த வகை நிலம் எதுவாக மாறியது என்று காட்டும் மாற்ற அட்டவணையின் மூலைவிட்டத்தில் 'மாறாத நிலம்' என்று போய் விழுந்துவிடும். மழைநீரைப் பிடித்து வைத்துக் கோடையில் ஓடைக்கு விடும் நிலம் சதுப்பு. படுகையை அளக்கக் கிளம்பியதே அதற்காகத்தான்.

பிரிக்க வழி இல்லாமலில்லை. புதிய ஆண்டுக்குச் சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் உண்டு; அதன் பிக்சல் 10 மீட்டர், அதாவது இரண்டரை சென்ட். இரண்டு செயற்கைக்கோள்களுமாக 5 நாளுக்கு ஒரு படம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை என்டிவிஐயை வரிசையாகக் கோடு போட்டுப் பார்த்தால் சதுப்பின் கோடு அதிகம் அசையாது, தோட்டத்தின் கோடு அறுவடையில் விழுந்து மறுபடி ஏறும். பழைய ஆண்டுக்கு என்ன செய்வது? லேண்ட்சாட்டில் 16 நாளுக்கு ஒரு படம், ஜூனிலிருந்து நவம்பர் வரை பெரும்பாலும் மேகம். மேகமில்லாமல் தெளிவாக இருந்த படம் ஒன்றே ஒன்று. புதிய ஆண்டில் மட்டும் பிரித்தால் ஒப்பீடு நிற்காது. இரண்டு வரைபடமும் 85 சதவீதம் சரியாக இருந்தாலும், பிழைகள் தனித்தனியாக வரும்போது இரண்டையும் ஒப்பிட்டு வரும் மாற்ற வரைபடம் 72 சதவீதத்துக்கு (0.85 × 0.85) இறங்கிவிடும்.

ஆனாலும் குழப்பமான பிக்சல்களைத் தனி நிறத்தில் விட்டிருக்கலாம். துல்லிய எண் குறைந்திருக்கும், எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும். குறைந்த எண்ணோடு போன அறிக்கையை யாராவது படித்திருப்பார்களா என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

அன்று அவர் தாளின் மேலேயே பென்சிலால் ஆறு பள்ளங்களைச் சுழித்துக் காட்டினார். ஆறுக்கும் ஜிபிஎஸ் எடுத்தோம். அறிக்கையில் அவை இல்லை.