மூன்றாவது லாச்சி

கண்ணாடி மேசையை வான் வண்டியிலிருந்து இறக்கும்போதே, அதைத் திருத்தக் கொண்டுவந்த அம்மா சொல்லிவிட்டார்: “இது ஆன் மகாராணி காலத்து மேசை. எங்கள் பாட்டி எப்போதும் சொல்வார்.” இங்கிலாந்தை ஆண்ட ஆன் மகாராணி இறந்தது 1714இல். லண்டனில் பழைய தளபாடம் திருத்தும் பட்டறையில் பதினொரு வருடம் நின்றவன் நான். வால்நட் மரத்தில் எதைக் கொண்டுவந்தாலும் இங்கே ஆன் மகாராணிதான். அந்த மனுஷி எத்தனை கண்ணாடி மேசைக்கு முன்னால்தான் இருந்து தலைவாரியிருப்பார்!

நம்புகிறவர்களையும் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் நல்ல தளபாடம் என்றால் வால்நட். 1709ஆம் ஆண்டுக் கொடுங்குளிரில் ஐரோப்பாவில் அந்த மரங்கள் ஏராளமாகப் பட்டுப்போயின. 1720இல் பிரான்ஸ் ஏற்றுமதியை நிறுத்தியது. அடுத்த வருடம் குடியேற்ற நாட்டு மரங்களுக்கு இங்கிலாந்து தீர்வையை நீக்க, மஹோகனி வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. வால்நட் திரும்பவும் எடுபட்டது விக்டோரியா காலத்தில்.

மேசையைக் கவிழ்த்துப் பார்த்தோம். திருகாணிகள் எல்லாம் நுனி கூரானவை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை திருகாணிக்கு மொட்டை நுனிதான். பித்தளைக் கைபிடியின் முதுகில் ஒரு சாய்சதுர முத்திரை. 1842 முதல் 1883 வரை, பதிவுசெய்த வடிவங்களுக்குக் குத்தியது அது. மூலையில் இருக்கும் எழுத்து வருடத்தைச் சொல்லும். எங்களுக்குக் கிடைத்த எழுத்து ‘D’, அதாவது 1878. கைபிடியை மட்டும் பிறகு மாற்றியிருப்பார்களோ என்று லாச்சி (இழுப்பறை) முகப்பின் உட்பக்கத்தை விரலால் தடவினேன். அடைத்த பழைய துளை ஒன்றுகூட இல்லை. மகாராணி கதை அதோடு முடிந்தது.

மேலே ஒட்டியிருந்த மெல்லிய வால்நட் தகடு இரண்டு இடங்களில் உப்பிக் கிடந்தது. கீழே வெறும் பைன் பலகை. ஒரே கணுக்கட்டையிலிருந்து சீவிய தகடுகளைப் புத்தகம் விரித்தாற்போல் பக்கம் பக்கமாக வைத்திருந்தார்கள். ஒட்டியது விலங்குத் தோல் வச்சிரத்தால். யாழ்ப்பாணத்தில் அப்பா காய்ச்சிய அதே நாற்றம். சூடும் ஈரமும் பட்டால் இளகும், ஆறினால் மறுபடி பிடிக்கும். மேற்பூச்சு அவலரக்கு. அது இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த சாமான் என்று எங்கள் பட்டறை முதலாளிக்கு நான் வாரம் ஒருமுறையாவது ஞாபகப்படுத்துவேன். அவர் வாரம் ஒருமுறையாவது தலையாட்டுவார்.

முதல் சொந்தக்காரி யாரென்று யாருக்கும் தெரியாது. கல்யாணப் பெண்ணொருத்தி கொண்டுவந்திருந்தால், தனிப் பத்திரம் எழுதி வைக்காதவரை, சட்டப்படி மேசை கணவனுடையது. மனைவியின் சொத்து மனைவிக்கே என்ற சட்டம் 1882இல் நிறைவேறி, 1883 தொடக்கத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. இதைப் படித்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான, ஒல்லாந்தர் 1707இல் தொகுத்து எழுதிய தேசவழமையில்கூடச் சீதனம் பெண்ணின் சொத்து. அம்மாவின் சீதன அலுமாரியை அப்பா ஒருநாளும் ‘என்னுடைய அலுமாரி’ என்று சொன்னதில்லை. சீதனத்தின் மற்றக் கொடுமைகள் வேறு கதை.

பாட்டி கைக்கு அது வந்தது 1943இல், பழைய சாமான் கடையிலிருந்து. போர்க்காலம், புதுத் தளபாடம் அநேகமாகப் புதுமணத் தம்பதிகளுக்கும் குண்டில் வீடிழந்தவர்களுக்கும் மட்டுந்தான், அதுவும் அனுமதி பெற்று, பங்கீட்டு யூனிட் கணக்கில். இரண்டாம் கைச் சாமானுக்கு அந்த அனுமதி தேவையில்லை. வீட்டுக் கூரை தாழ்வு. கண்ணாடிச் சட்டத்தின் உச்சியில் இருந்த செதுக்கு வேலையைத் தாத்தா கைவாளால் அறுத்தெறிந்திருக்கிறார். வாள் கோணலாகப் போன தடம் அப்படியே இருந்தது. புதிதாகச் செதுக்கிப் பொருத்தலாம் என்றார் முதலாளி. அந்தம்மா வேண்டாம் என்றார். அந்தக் கோணல்தான் தாத்தாவாம்.

நான் கெடுத்தது மூன்றாவது லாச்சியை. அடித்தட்டில் பழைய பூத்தாள் ஒன்றை மாப்பசை தடவி ஒட்டியிருந்தார்கள். பூஞ்சணம் பிடித்திருந்தது. வெந்நீரில் ஊறவைத்துத் தகட்டால் முன்பக்கத்திலிருந்து சுரண்டிக்கொண்டு போனேன். வெள்ளிக்கிழமை பின்னேரம், கையில் அவசரம். பாதியைத் தாண்டியபிறகு ஒரு துண்டு முழுதாக உரிந்து வந்தது. அடியில், மரத்திலேயே, பென்சில் எழுத்து.

3/3
30/3
27/4
24/5
21/6

அதற்குக் கீழே நான் சுரண்டிய வெண்மரம்.

பால்காரன் கணக்கு என்றான் ஒருவன். வாடகை என்றார் முதலாளி. வாடகை ஏன் ஒவ்வொரு தடவையும் தேதி மாறுகிறது என்று அவரே கேட்டுக்கொண்டார். இரவு படத்தை மனைவியிடம் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கண்ணாடியைக்கூட எடுத்துப் போடவில்லை.

“இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தேழு, இருபத்தெட்டு. இதுகூட விளங்கேல்லையோ உங்களுக்கு?”

பிறகு அவளே கேட்டாள், “அடுத்தது என்ன திகதி?”

ஜூலை நடுவில் ஒரு வரி இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். குப்பைத் தொட்டியில் கிடந்த ஈரத்தாளையும் மரத்தூளையும் திங்கட்கிழமை காலையில் மேசையில் கொட்டிப் பார்த்தேன். சாம்பல் நிறச் சுருள்கள் சில இருந்தன. பென்சிலா, அழுக்கா என்று சொல்லத் தெரியவில்லை. வருடமும் போட்டிருக்கவில்லை, 1880ஆ 1943ஆ என்று பூத்தாளைப் பார்த்துச் சொல்லவும் யாராலும் முடியவில்லை.

அந்தம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். லாச்சியை வெளிச்சத்துக்குத் திருப்பி, கடைசித் தேதிக்குக் கீழே இருந்த வெறுமரத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

“என் அம்மா மார்ச்சில் பிறந்தவர்,” என்றார்.

பிறகு, உள்ளே புதுத்தாள் போடலாம், ஆனால் ஒட்ட வேண்டாம் என்றார். அளவாக வெட்டிச் சும்மா வைத்துக் கொடுத்தேன்.